எந்த ஊருப்பா?

திருப்பதிக்குப் பக்கத்தில் சந்திரகிரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நைனா, என் அப்பா, முப்பத்தெட்டு வருஷம் டிபன் கடை வைத்திருந்தார். பலகையில் தெலுங்கு, அடுப்படியில் தமிழ். வீட்டிலும் அப்படித்தான். ஆயா திட்டினால் தமிழ், சாமிக்கு வேண்டிக்கொண்டால் தெலுங்கு. 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆகிற வரைக்கும் இதெல்லாம் வட ஆற்காடுதானே. அந்தக் காலத்தில் ஆரணிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனபோது நாங்கள் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டோம்.

கடைக்குப் புது ஆள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் நைனா கேட்கிற முதல் கேள்வி, "எந்த ஊருப்பா?" இட்லியா தோசையா என்பதெல்லாம் அப்புறம். ஊர் பெயரைச் சொன்னதும் அந்த ஊரில் அவருக்குத் தெரிந்த யாராவது ஒருவர் வந்துவிடுவார். மாடு வாங்கப் போன கதை வரும், மாரியம்மன் கோயில் தீமிதி வரும். அதற்குள் தட்டில் இட்லி ஆறிவிடும். சின்ன வயதில் எனக்கு இது வீண் பேச்சாகத்தான் பட்டது. அந்தக் கேள்வியை நைனா கேட்காமல் விட்ட வருஷங்கள் வந்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

மலையைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊரைச் சொல்ல முடியாது. தெற்கே கோட்டை மலை, மொட்டைப் பாறை. வடக்கே சேஷாசலம், காடு. நடுவில் சுவர்ணமுகி ஆறு. பெயரில் பொன், கோடையில் வெறும் மணல். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் கூட்டமாகக் கோட்டைக்குள் ராஜமகால் வரைக்கும் போவோம். அந்த மாளிகையை மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்தே கட்டியதாகக் காவல்காரர் சொல்வார். சுற்றிலும் விலை கூடிய மரம் வளர்கிற காடு, நடுவில் ஒரு துண்டு மரம் இல்லாத அரண்மனை. அப்போது அது எங்களுக்கு வியப்பாகவே இல்லை. செம்மரம் விலை கூடியது என்று யாருக்குத் தெரியும்?

முதலைத் தோல் மாதிரி வெடித்த கறுத்த பட்டை. காயில் வட்டமாக இறக்கை இருக்கும். காற்றில் சுழன்று விழும், அதைப் பிடிக்கப் போட்டி போடுவோம். கீறினால் ரத்தமாகக் கசியும். அதன் கட்டை தண்ணீரில் மிதக்காது, கல்லைப் போல மூழ்கும். எங்கள் மாட்டுக்கொட்டகையின் மூலைக்கால் இரண்டும் செம்மரம்தான், கரையான் அண்டாது என்று தாத்தா காலத்தில் நட்டது. என் தம்பிக்குக் கண்ணில் கட்டி வந்தபோது ஆயா தன் கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சிப் பொம்மையை எடுத்து, சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்துப் பற்றுப் போட்டாள். அந்தப் பெண் பொம்மைக்கு இடது தோள் தேய்ந்தே போயிருந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் குழந்தைகளின் கட்டிக்கும் கொப்புளத்துக்கும் கரைந்த தோள் அது. கல்லில் வழிகிற அந்தச் சிவப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெற்குத் துண்டில், சித்தூர், கடப்பை, நெல்லூர், கர்நூல் பக்கங்களில்தான் முக்கியமாக அந்த மரம் இயற்கையாக வளர்கிறது. சீனாவில் பழைய அரண்மனைப் பாணி மேசை நாற்காலிக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்புக் கருவிக்கும் இதைத்தான் தேடுகிறார்கள் என்பதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1990-களில் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இந்த மரம் ஏறியது. தடை வந்தது, தடையோடு விலையும் ஏறியது. அதற்குப் பிறகு விறகு பொறுக்கப் போன காட்டுக்குள் எங்கள் ஊர் ஆட்களே தயங்கித் தயங்கித்தான் கால் வைத்தார்கள்.

ஆயா சொன்ன கதை ஒன்று உண்டு. அவளுடைய பாட்டி சொன்னதாகச் சொல்வாள். சித்தூர் ரோட்டில் தனியாகப் போகிறவனோடு நல்லவன் மாதிரி நாலு பேர் சேர்ந்து நடப்பார்களாம். பேச்சுக் கொடுப்பார்களாம், வெற்றிலை கொடுப்பார்களாம், சத்திரத்தில் ஒன்றாகப் படுப்பார்களாம். விடிந்தால் நாலு பேர் மட்டும் நடப்பார்கள். "சுருக்குத் திருடன்டா அவன். கழுத்துல துணி போட்டு இறுக்கிடுவான்" என்பாள். பிள்ளைகளைத் தனியாகப் போகவிடாமல் இருக்கக் கட்டிய கதை என்று நினைத்தேன்.

பிற்பாடு வேலூரில் நான் வாத்தியார் வேலை பார்த்த காலத்தில், பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டும்போது ஆயாவின் கதை அச்சில் கிடைத்தது. 1807-ல் சித்தூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில் ஒரு கூட்டத்தில் சிலரைப் பிடித்தார்கள். திருவிதாங்கூர் வரைக்கும் போய்க் கொள்ளைப் பொருளோடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள். பான்சிகர் என்று கும்பெனிக்காரர்கள் எழுதினார்கள். சுருக்குப் போடுகிறவர் என்று பொருள். சித்தூர் மாஜிஸ்திரேட்டாக இருந்த வில்லியம் ரைட் வருஷக்கணக்கில் வாக்குமூலம் சேர்த்தார். சென்னையில் இருந்த ரிச்சர்ட் ஷெர்வுட் என்ற டாக்டர் 1816-ல் அதையெல்லாம் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வடக்கே ஸ்லீமன் என்ற கும்பெனி அதிகாரி, 'தக்' என்ற இதே மாதிரிக் கொலைகாரர்களை வேட்டையாடிப் புகழடைந்தது 1830-களில். அதற்கு ஒரு தலைமுறை முன்பே விசாரணை எங்கள் ஜில்லாவில் தொடங்கிவிட்டது. வெள்ளைக்காரர்கள் இந்தக் கதையைத் தேவைக்கு மேல் ஊதினார்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்வதும் நியாயமே. அதைப் படித்தபோது என்னை உறுத்தியது வேறு. அத்தனை சாவு எப்படி வெளியில் வராமலே இருந்தது? செத்தவன் வழிப்போக்கன். தன் ஊரை விட்டுப் பல நாள் நடைக்கு அப்பால் செத்தான். விடுப்பில் ஊருக்குக் கிளம்பிய சிப்பாய் திரும்பி வராவிட்டால் பட்டாளத்தில் ஓடிப்போனவன் என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டாரோ புலி அடித்திருக்கும், வெள்ளம் கொண்டுபோயிருக்கும் என்று காத்திருந்தார்கள். செத்த இடத்தில் அவனைத் தெரிந்தவர் இல்லை, தெரிந்தவர் இருக்கிற இடத்தில் அவன் செத்தது தெரியவில்லை.

ஆயா இதைப் புத்தகம் படிக்காமலே சொல்லிவிட்டாள். "வெளியூர்ல செத்தவனுக்குக் கேக்க நாதி கெடையாதுடா."

2005-க்குப் பிறகு இருக்கும், கடைக்கு வருகிறவர்களின் முகம் மாறியது. அதற்கு முன்னும் தமிழ்நாட்டு மலை ஆட்கள் வருவார்கள்தான். மாங்காய் பறிக்க, கரும்பு வெட்ட, கிணறு தூர்வார. குடும்பமாக வருவார்கள், பிள்ளை இடுப்பில் இருக்கும், சட்டி மூட்டையில் இருக்கும். இப்போது வந்தவர்கள் ஆண்கள் மட்டும். பத்துப் பேர் ஒரே பஸ்ஸில் இறங்குவார்கள், ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி இரண்டிரண்டாகப் பிரிந்து உட்காருவார்கள். எல்லார் காலிலும் புதுச் செருப்பு, எல்லார் பையும் ஒரே நிறம். கொஞ்சம் தள்ளி நிற்கிற மேஸ்திரி கைபேசியில் பேசிக்கொண்டே மொத்தப் பணத்தையும் கொடுப்பான். "எந்த ஊருப்பா?" என்று நைனா கேட்டால் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பார்கள். "கட்டட வேலைக்குப் போறோங்க." கேட்டது ஊரை, வருகிற பதில் வேலையை. பேச்சில் ஜவ்வாது மலை தெரியும். சித்தேரிப் பக்கத்து இழுப்பு தெரியும். செம்மரம் வெட்டப் போகிறார்கள் என்று நைனாவுக்குப் புரியாமல் இருக்குமா? நாளடைவில் கேட்பதை விட்டுவிட்டார். கேட்டால் அவர்கள் பொய் சொல்ல வேண்டிவருகிறது, பாவம், அதை எதற்கு நான் சொல்லவைக்க வேண்டும் என்பார்.

கடையில் கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. ஊர்க்காரர் கடன் சொன்னால் பெயரோடு ஏறும். இவர்களுக்கு மட்டும் பெயர் ஏறாது. 'மலை ஆளு 4, மேஸ்திரி தரணும்' என்று இருக்கும். அப்படி எத்தனையோ பக்கங்கள்.

2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டுக்குள் வனத்துறை அலுவலர்கள் இரண்டு பேரைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். அந்த இருவருக்கும் குடும்பம் உண்டு, அந்தக் கொலைக்கும் நியாயம் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை நூற்றுக்கணக்கில் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2016-ல் திருப்பதி நீதிமன்றம் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவர்களை விட்டுவிட்டது. அப்படியானால் அந்த இருவரைக் கொன்றது யார்? அந்தக் கேள்வி அப்படியே காட்டுக்குள் கிடக்கிறது. அந்தக் கொலைகளுக்குப் பிறகுதான் செம்மரக் கடத்தல் தடுப்புக்கென்று தனியாக அதிரடிப் படை வந்தது.

2015 ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை. நான் வேலூரில் இருந்தேன். காலையில் அம்மா போன் செய்தாள். "மங்காபுரத்துக்கு மேல, ஸ்ரீவாரி மெட்டுப் பக்கம் சுட்டுட்டாங்களாம்டா. இருபது பேராம்." சீனிவாச மங்காபுரம் எங்களுக்குக் கல்யாண வெங்கடேசுவரர் கோயில். ஸ்ரீவாரி மெட்டு என்பது திருமலைக்கு நடந்து ஏறுகிற படிக்கட்டு. முடி காணிக்கைக்கு என்னைத் தோளில் வைத்து நைனா ஏறிய படி அது. அந்த இடத்தின் பெயரோடு 'இருபது பேர்' என்ற சொல் சேர்ந்து வந்தபோது எனக்கு முதலில் பொருளே ஏறவில்லை. படியில் கூட்ட நெரிசல் என்று நினைத்தேன்.

சந்திரகிரி மண்டலத்துக் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இரண்டு இடங்களில் பிணங்கள் கிடந்தன. நூறு பேருக்கு மேல் கோடாரியும் கல்லுமாகத் தாக்க வந்தார்கள், உயிரைக் காத்துக்கொள்ளச் சுட்டோம் என்றது போலீஸ். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். அதில் பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினர். பஸ்ஸில் தன்னோடு வந்தவர்களைப் போலீஸ் இறக்கிக் கூட்டிப்போனது, பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தன்னை விட்டுவிட்டார்கள் என்று தப்பிய ஒருவர் சொன்னார். மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு அப்படித் தப்பியவர்களை டில்லிக்குக் கூட்டிப்போய் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் பேசவைத்தது. பிணத்தின் பக்கத்தில் கிடந்த கட்டைகளில் சில புதிதாக வெட்டியவை அல்ல, எண் போட்டுப் பெயிண்ட் அடித்தவை என்று உண்மை அறியப் போனவர்கள் எழுதினார்கள்.

மறுநாள் நான் ஊருக்குப் போனேன். நைனா கடையைத் திறக்கவில்லை. எழுபத்தைந்து வயது அப்போது. "வாடா, ரூயா வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார். திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே மலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நின்றிருந்தார்கள். வெயில். பத்திரிகைக்காரர்கள், போலீஸ், டி.வி. வண்டிகள். மலைக்காரர்களுக்குத் தெலுங்கு ஒரு எழுத்துத் தெரியாது. நைனா போய் ஓர் ஓரமாக நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், கையில் ஒரு தாளோடு வந்தான். "ஐயா, இதுல இன்னா எழுதியிருக்குதுங்க?" நைனா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். உடலைப் பெற்றுக்கொள்வதற்கான தாள். பையன் முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல எங்க அண்ணன் பேரு எது?" என்றான். நைனா காட்டினார். தெலுங்கு எழுத்து அதன் வட்டங்களோடு, தலையில் சின்னக் கொக்கிகளோடு இருந்தது. பையன் கட்டை விரலை அதன் மேல் வைத்துக்கொண்டான். விரலை எடுக்கச் சொல்ல நைனாவுக்கு மனசு வரவில்லை. அவன் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் விரல் அங்கேயே இருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நைனா பேசவில்லை. கடை வாசலில் நின்றுதான் சொன்னார், "அந்த மூஞ்சியில ரெண்டு மூணு நம்ம கடையில சாப்ட்டிருக்கும்டா. நான் ஊரு கேக்காம உட்டுட்டேன்."

பிறகு நடந்தது எல்லாம் தாளில் இருக்கிறது. தமிழக அரசு குடும்பத்துக்கு 3 லட்சம் அறிவித்தது. உறவினர்கள் எரிக்க மறுத்த ஆறு உடல்கள் திருவண்ணாமலை அரசு மருத்துவமனையில் கிடந்தன. ஐதராபாத் உயர் நீதிமன்றம் சொல்லி அவற்றுக்கு மறுபடி பிரேதப் பரிசோதனை நடந்தது. இறந்த ஒருவரின் மனைவி கோர்ட்டுப் படி ஏறியதால்தான் எங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் 302-வது பிரிவில் கொலை வழக்குப் பதிவானது. சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தார்கள். அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். வாசலில் ஒரு வேப்பமரம், கீழே எப்போதும் பிடிபட்ட சைக்கிள்கள். அங்கே இருபது பேரின் கொலை ஒரு குற்ற எண்ணாக உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கும்போது அந்த நிழலை எனக்குப் பழையபடி பார்க்க முடியவில்லை. சி.பி.ஐ. விசாரணை வேண்டும், குடும்பத்துக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம் தர வேண்டும் என்று மனித உரிமை ஆணையம் அந்த மே மாதமே பரிந்துரைத்தது.

அதன் பிறகு வருஷங்கள்தான் நகர்ந்தன. 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலைக்காரர்கள். 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றமே ஐதராபாத்தை விட்டு அமராவதிக்குப் போனது. 2022 ஏப்ரலில் மாவட்டம் பிரிந்து சந்திரகிரி திருப்பதி மாவட்டத்துக்குள் போனது. 2024 ஜூலையில் தண்டனைச் சட்டமே மாறி 302 என்ற எண் 103 ஆனது. கோர்ட்டு இடம் மாறிவிட்டது, ஜில்லா பெயர் மாறிவிட்டது, கொலைக்குச் சட்டத்தில் இருந்த எண் மாறிவிட்டது. அந்த இருபது பேரின் சாவுக்கு இன்று வரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. 1807-ல் பிடிபட்டவர்களைச் சித்தூரில் உட்காரவைத்து வாய்திறக்க வைத்தார்கள். இருநூறு வருஷம் கழித்து, தந்தியும் ரயிலும் கேமராவும் வந்த பிறகு, அதே ஜில்லாவில் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. மரம் வெட்டியது குற்றம்தான். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது, ஜெயில் இருக்கிறது. மலையில் ரேஷன் அரிசியும் சாமையும் தின்று, மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்காக எல்லை தாண்டி வந்தவனை யார் அனுப்பினார்கள், கட்டை எந்தத் துறைமுகத்துக்குப் போனது என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய வாய்கள் அவை. அந்த வாய்களும் மூடிவிட்டன.

நைனா அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஒரு புது நோட்டு வாங்கினார். மலை ஆள் யார் வந்தாலும் மறுபடி கேட்கத் தொடங்கினார். "எந்த ஊருப்பா? பேரு என்னா?" அவர்கள் பயந்தால், "போலீசுக்கு இல்லப்பா. நாளைக்கு யாராச்சும் உன்னைத் தேடிக்கினு வந்தா நான் சொல்லணும் இல்ல" என்பார். பாதிப் பேர் பொய்ப் பெயர் சொன்னார்கள், அது அவருக்கும் தெரியும். பொய்யையும் எழுதினார். தேதி, வந்த பஸ், ஏறின பஸ், சட்டை நிறம். எழுபத்தைந்து வயதுக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடுங்குகிற கையால் எழுதுவதைப் பார்த்தால் கடைப்பையன்கள் சிரிப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. ஆள் வரவு குறைந்துபோனது. போலீஸ் பயம் அவர்களை வேறு வழியாகக் கொண்டுபோனது. 2018-ல் முட்டி வலி தாங்காமல் கடையை மூடுகிற வரைக்கும் அந்த நோட்டு ஓடியது.

அதற்குள் ஒரே ஒருத்தி வந்தாள். 2016 ஆடி மாதம் என்று நினைவு. நான் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தேன். முப்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்பு மணி, கூடவே ஒரு பெரியவர். ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிய ஒரு தாளைக் கையில் வைத்திருந்தாள். போய் மூன்று மாதம் ஆகிறது, போன் இல்லை, மேஸ்திரியும் இல்லை, பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் இறங்கிக் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்றார் பெரியவர். நைனா நோட்டைப் புரட்டினார். அவள் சொன்ன பெயர் எதிலும் இல்லை. இரண்டாம் தடவையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பிறகு படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"பேரு வேற சொல்லியிருக்கான்மா. ஆளு வந்தான். பச்சைச் சட்டை, இடது கையில கயிறு. காலையில மொத பஸ்ஸு. திரும்பி சித்தூர் பஸ்ஸுலதான் ஏறினான், திருப்பதி பஸ்ஸுல இல்ல. நான் பாத்தேன்."

அந்தப் பெரியவர் சித்தூர் பஸ் எத்தனை மணிக்கு, யாரோடு போனான் என்று கேட்கத் தொடங்கினார். அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து நைனாவைப் பார்த்தாள்.

"இங்க இன்னா சாப்ட்டாரு?"

நைனா நோட்டைப் பார்க்காமலே சொன்னார். "நாலு இட்லி. வடகறி ரெண்டு தடவ கேட்டு வாங்கினான்."